சிங்கிள் ஓனர், 41,000 கிலோமீட்டர், ஆக்சிடென்ட் இல்லை: வெள்ளத்துல மூழ்குன ஒரு காரோட கேஸ்

திருச்சில 2024 ஜூன்ல வாங்குன ஒரு பழைய காரைப் பத்தின கேஸ் இது, 2025 ஜூலைல தான் முடிஞ்சுது. வாங்குனவர், டீலர், ஒர்க்‌ஷாப், முதல் ஓனர் யாரோட பேரும் போடல. வண்டி கம்பெனி பேரும் வேண்டாம், கோளாறு அவங்களோடது இல்ல. நான் வாங்குனவருக்கு பழக்கம், இன்சூரன்ஸ் கிளெய்ம் பக்கம் சில வருஷம் வேலை பாத்தவன், 2024 நவம்பர்ல இருந்து கூடவே இருந்து பேப்பர் எல்லாம் பாத்தேன். அதுக்கு முன்னாடி நடந்தது அவர் சொன்னதையும், அவர் எடுத்து வச்சிருந்த பில், வாட்ஸப் மெசேஜையும் வச்சு எழுதுறது.

பழைய கார்ல ஏமாந்த கதை ஊருக்கு நூறு இருக்கு. இதை எழுதுறதுக்கு காரணம், டீலர் விளம்பரத்துல போட்டிருந்த மூணு விஷயமும் உண்மை. சிங்கிள் ஓனர், உண்மை. 41,000 கிலோமீட்டர், உண்மை, மீட்டரை யாரும் திருப்பல. ஆக்சிடென்ட் இல்ல, அதுவும் உண்மை.

பின்னணி

வாங்குனவருக்கு நாப்பது வயசுக்குள்ள, தனியார் கம்பெனியில கணக்கு பாக்குறவர், வீட்ல மனைவி, ரெண்டு பசங்க, வயசான அம்மா. அம்மாவை மாசாமாசம் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போறது ஆட்டோவுல கட்டுப்படியாகல, அதனால தான் கார். பட்ஜெட் அஞ்சு லட்சம். புதுசு அந்த விலைக்கு எடுத்தா ரொம்ப அடிப்படை மாடல் தான் வரும்னு, நல்லா இருக்குற பழசா பாப்போம்னு முடிவு பண்ணிருக்காரு, அந்த முடிவுல தப்பு ஒண்ணும் இல்ல.

பைபாஸ் பக்கம் இருக்குற ஒரு டீலர்கிட்ட 2019 ஜூலை ரிஜிஸ்ட்ரேஷன்ல ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக் நின்னுது, சென்னை வண்டி. 5,10,000 சொல்லி 4,85,000க்கு முடிஞ்சுது. கையில இருந்து 1,35,000, மீதி 3,50,000 பழைய கார் லோன், அஞ்சு வருஷம், வட்டி 14.5 சதவீதம், மாசத் தவணை 8,235 ரூபாய்.

வண்டி எடுத்த விதம்

சும்மா கண்ணை மூடிட்டு எடுக்கல மனுஷன். தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தரை கூட்டிட்டுப் போயிருக்காரு. அந்த மெக்கானிக் பானட்டை திறந்து இன்ஜின் சத்தம் கேட்டு, ஆயில் கேப்பை கழட்டி பாத்து, சைலன்ஸர்ல புகை வருதான்னு பாத்து, பைபாஸ்ல கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து "இன்ஜின் பட்டு மாதிரி இருக்குண்ணே, தைரியமா எடுங்க"ன்னு சொல்லிட்டாரு. அவர் சொன்னது சரி தான், கடைசி வரைக்கும் இந்த வண்டியோட இன்ஜின்ல ஒரு பிரச்சனையும் வரல. பாடியில டிங்கரிங் பண்ணிருக்காங்களான்னு தூணு, கதவு ஓரம் எல்லாம் பாத்தாரு, எதுவும் இல்ல. பைனான்ஸ் கம்பெனியில இருந்து வந்த வேல்யூவர் சேசிஸ் நம்பரை தேய்ச்சு எடுத்துட்டு நாலு பக்கமும் போட்டோ எடுத்துட்டு ஓகே பண்ணிட்டாரு. ஆப்ல நம்பர் போட்டு பாத்தா ஒரே ஓனர், லோன் இல்ல, ஈ-சலான் ஒண்ணே ஒண்ணு, அதையும் டீலரே கட்டிட்டாரு.

பேரம் பேசுறப்ப டீலர் வாட்ஸப்ல ஒரு மெசேஜ் அனுப்பிருக்காரு: "வண்டியில ஒரு வேலையும் இல்ல சார், பெட்ரோல் போட்டு ஓட்ட வேண்டியது தான்." பின்னாடி இந்த ஒரு வரி தான் பெரிய ஆதாரமா நின்னுது.

பணம் கட்டுனதும் டீலர் ஒரு பைல் கொடுத்தாரு. அதுல ஆர்சி, முதல் ஓனர் கையெழுத்து போட்ட, பேர் மாத்துறதுக்கான படிவம் 29, 30, அவரோட ஆதார் நகல், ஓடிட்டு இருக்குற இன்சூரன்ஸ் பாலிசி. பைனான்ஸ்காரங்க கேட்டதால புல் கவர் பாலிசி ஒண்ணு 9,000 சொச்சத்துக்கு புதுசா போட்டாச்சு, அதனால அந்தப் பழைய பாலிசியை யாரும் பிரிச்சு கூட பாக்கல. ஆர்சி ஆகஸ்ட்ல பேர் மாறி வந்துச்சு.

முதல் அறிகுறிகளும் முதல் ஒர்க்‌ஷாப்பும்

ஜூலை கடைசியில இருந்து ஏசி போட்டா ஒரு ஊளை நாத்தம், ஈரத்துணியை மூட்டை கட்டி வச்சா வருமே அது. பக்கத்துல இருக்குற ஒர்க்‌ஷாப்ல விட்டதுக்கு ஏசி கிளீனிங்னு 2,800 வாங்கினாங்க, ரெண்டு வாரம் நாத்தம் போச்சு, திரும்ப வந்துச்சு. அப்புறம் காலையில ஸ்டார்ட் ஆகல. பேட்டரி செத்துப்போச்சுன்னு புதுசு 5,200. புது பேட்டரியும் ரெண்டு நாள் வண்டியை எடுக்காம விட்டா இறங்கிடுது. அப்புறம் டிரைவர் பக்கம் பவர் விண்டோ நடுவுல நின்னுடுச்சு, மோட்டார் 3,400.

செப்டம்பர்ல ஏர்பேக் லைட் எரிய ஆரம்பிச்சுது. இதுக்கு ஒர்க்‌ஷாப்ல ஸ்கேனரை மாட்டி எரர் கோடை அழிச்சு விட்டாங்க, லைட் அணைஞ்சுது, நாலு நாள்ல திரும்ப எரிஞ்சுது. ஸ்டியரிங்குக்கு அடியில இருக்குற கிளாக் ஸ்பிரிங் போயிருக்கும்னு அதை மாத்தினாங்க, 6,800. லைட் அணையல. கூலி எல்லாம் சேத்து 21,000 ரூபா அந்த ஒர்க்‌ஷாப்புக்கு போச்சு.

அந்த ஒர்க்‌ஷாப்காரர் திருடர்னு நான் சொல்ல மாட்டேன். அவர் வாங்குன ரேட்டு நியாயமான ரேட்டு தான். ஆனா என்ன கோளாறு, என்ன வேலைன்னு எழுதுற ஜாப் கார்டு ஒரு தடவை கூட போடல, பில்லு வெள்ளைத் துண்டு பேப்பர்ல, கழட்டுன பழைய பார்ட்டை திருப்பிக் கொடுக்கல, ஏன் பேட்டரி இறங்குதுன்னு அளந்து பாக்கல. கோளாறு வந்த இடத்துல இருக்குற பார்ட்டை மாத்துறது, அது சரியாகலைன்னா அதுக்குப் பக்கத்துல இருக்குற பார்ட்டை மாத்துறது, நம்ம ஊர்ல பாதி ஒர்க்‌ஷாப் இப்படித்தான் ஓடுது. ஏசி, பேட்டரி, விண்டோ, ஏர்பேக் நாலும் நாலு தனித்தனி கோளாறுன்னு அவர் நினைச்சாரு, வண்டிக்காரரும் நம்பிட்டாரு.

அக்டோபர்ல ஒரு நல்ல மழை. மறுநாள் காலையில வண்டி மொத்தமா டெட், சென்ட்ரல் லாக் கூட வேலை செய்யல.

எலக்ட்ரீஷியன் கண்டது

பால்பண்ணை பக்கம் லாரிக்கு வயரிங் வேலை பாக்குற ஒருத்தர்கிட்ட சொந்தக்காரர் மூலமா வண்டி போச்சு. பெரிய ஒர்க்‌ஷாப் இல்ல, ஒரு ஷெட்டு, ரெண்டு பசங்க. இவர் வேலை பாத்த விதத்தை கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா கேஸ் திரும்புன இடம் இது.

மொதல்ல அவர் எதையும் மாத்தல. பேட்டரியை சார்ஜ் போட்டுட்டு, எல்லா கதவையும் சாத்தி லாக் பண்ணி, பேட்டரி நெகட்டிவ் வயரை கழட்டி நடுவுல மல்டிமீட்டரை மாட்டினாரு. சாவி இல்லாம நிக்கிற வண்டி வழக்கமா 50 மில்லி ஆம்பியருக்கு உள்ள தான் இழுக்கணும். இது 380 காட்டுச்சு. ஒவ்வொரு பியூஸா பிடுங்கிட்டே வந்தாரு, ஒரு பியூஸை எடுத்ததும் டக்குனு 40க்கு இறங்கிடுச்சு. அந்த லைன் எங்க போகுதுன்னு தேடுனா டிரைவர் சீட்டுக்கு அடியில.

சீட்டை கழட்ட போறப்ப தான் அவர் நின்னாரு. "சார் இந்த போல்ட்டு ஏற்கனவே கழட்டியிருக்காங்க, பாருங்க மூலையில பெயிண்ட்டு உரிஞ்சிருக்கு. அஞ்சு வருஷ வண்டிக்கு சீட்டை ஏன் சார் இறக்கணும்?" சீட்டை வெளிய எடுத்து, கதவு ஓரத்து பிளாஸ்டிக்கை நெம்பி, கார்ப்பெட்டை தூக்கினாரு. மேல கார்ப்பெட் சுத்தமா இருக்கு, ஷாம்பு போட்டு கழுவிருக்காங்க. அடியில இருக்குற பஞ்சு ஈரம். பஞ்சை பிழிஞ்சா சாம்பல் நிறத்துல மாவு மாதிரி வண்டல். கனெக்டரை பிரிச்சா பின்னு எல்லாம் பச்சையா களிம்பு பிடிச்சு, ரெண்டு பின்னு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, கரன்ட் போனது அது வழியா தான்.

அப்புறம் மத்த இடத்தையும் பாத்தாரு. ஏர்பேக்கோட கன்ட்ரோல் யூனிட் இந்த மாதிரி வண்டியில ரெண்டு சீட்டுக்கும் நடுவுல தரையோட ஒட்டி உக்காந்திருக்கும், அதோட அடித்தட்டு துரு. முன் சீட் பெல்ட் ரெண்டும் புதுசு, பின் சீட் பெல்ட் பழசு. பின்னாடி பெல்ட்டை ரீல்ல இருந்து கடைசி வரைக்கும் இழுத்துப் பிடிச்சாரு, வழக்கமா அவ்வளவு தூரம் யாரும் இழுக்க மாட்டோம், கடைசி ஒரு சாண் இருக்குற இடத்துல குறுக்கால பழுப்பு கலர்ல ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நிறம், அந்தப் பக்கம் ஒரு நிறம். "தண்ணி சீட்டு மட்டத்துக்கு நின்னிருக்கு சார்"னாரு.

அன்னைக்கு சாயந்தரம் தான் எனக்கு போன் வந்துச்சு.

பேப்பர் சொன்ன கதை

நான் முதல்ல கேட்டது வண்டியை இல்ல, பைலை. அதுல இருந்த பழைய பாலிசி தேர்ட் பார்ட்டி மட்டும், அதாவது அடுத்தவங்களுக்கு ஆகுற நஷ்டத்துக்கு மட்டும், தொடங்குன தேதி 2024 மார்ச். வண்டி ரிஜிஸ்டர் ஆனது 2019 ஜூலை. ஜூலைல எடுத்த வண்டிக்கு பாலிசி ஜூலைக்கு ஜூலை தான் ஓடும், ஒழுங்கா புதுப்பிச்சுட்டு வர்ற எந்த ஓனருக்கும் மாசம் மாறாது. மார்ச்ல தொடங்குதுன்னா ஒண்ணு இடையில விட்டுப்போயிருக்கணும், இல்ல பழைய பாலிசி பாதியில முடிஞ்சிருக்கணும். பாலிசி பாதியில முடியிறதுக்கு முக்கியமான காரணம் டோட்டல் லாஸ், மொத்த இழப்புன்னு கம்பெனி பணத்தை செட்டில் பண்ணிட்டா அந்தப் பாலிசி அதோட முடிஞ்சுது. போதாததுக்கு போன பாலிசி விவரம் போடுற கட்டம் காலி. அஞ்சு வருஷம் ஒழுங்கா ஓட்டுன ஒரு சிங்கிள் ஓனர் திடீர்னு வேற கம்பெனியில வெறும் தேர்ட் பார்ட்டிக்கு போக மாட்டாரு.

சென்னை வண்டி, தண்ணி ஏறுன வண்டி, 2024 மார்ச்சுக்கு முன்னாடி. கணக்கு நேரா 2023 டிசம்பர் 3, 4 தேதி மிக்ஜாம் புயல் மழையில போய் நிக்குது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் எல்லாம் அடுக்குமாடி பேஸ்மென்ட்ல நின்ன வண்டிங்க முழுசா மூழ்குன நாள் அது. (சென்னை மட்டும்னு நினைக்க வேண்டாம், அதே டிசம்பர் 17, 18ல தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கமும் இதே கதை.)

பாலிசியில இருந்த நம்பருக்கு வாங்குனவரே முதல் ஓனருக்கு போன் போட்டாரு. மரியாதையா பேசுனாரு அந்த மனுஷன். பேஸ்மென்ட்ல தண்ணி, வண்டியை ரெக்கவரி வண்டியில ஏத்தி கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு கொண்டு போனது, சர்வேயர் வந்து பாத்தது, ரிப்பேர் செலவு காப்பீட்டு மதிப்புல 75 சதவீதத்தை தாண்டுனதால டோட்டல் லாஸ்னு 2024 ஜனவரியில செட்டில்மென்ட் வந்தது, ஆர்சியும் ரெண்டு சாவியும் கையெழுத்து போட்ட 29, 30 படிவமும் கொடுத்தது, எல்லாத்தையும் சொன்னாரு. அதோட வண்டி தன் கையை விட்டுப் போயிடுச்சுன்னு தான் அவர் நினைச்சுட்டு இருந்திருக்காரு.

சிங்கிள் ஓனர் எப்படி உண்மையாச்சுன்னு இங்க புரியும். டோட்டல் லாஸ் ஆன வண்டியை, சால்வேஜ்னு சொல்வாங்க, ஏலத்துல எடுத்தவர், அதைக் கழுவி ஓட வச்ச ஒர்க்‌ஷாப், நடுவுல ஒரு புரோக்கர், அப்புறம் திருச்சி டீலர், இத்தனை கை மாறியும் யாரும் தன் பேருக்கு மாத்தல, கையெழுத்து போட்ட வெத்துப் படிவம் பைல்லயே வண்டியோட பயணம் பண்ணிருக்கு. ஆகஸ்ட் வரைக்கும் வண்டி முதல் ஓனர் பேர்ல தான் ஓடிருக்கு. இடையில ஒரு விபத்து நடந்திருந்தா நஷ்டஈட்டுக்கு அவர் தான் பதில் சொல்லணும், நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்குல உச்ச நீதிமன்றம் 2018ல தெளிவா சொன்னது அது தான், ஆர்சியில யார் பேரோ அவர் தான் ஓனர். இதை எடுத்துச் சொன்னதும் அவர் ஆடிப்போயிட்டாரு, செட்டில்மென்ட் லெட்டர் நகலை அன்னைக்கே அனுப்பிட்டாரு. வழக்குல முழு ஒத்துழைப்பு கொடுத்தவர் அவர்.

என்ன முடிவு எடுத்தோம், ஏன்

முதல் முடிவு, ரிப்பேரை நிறுத்துறது. எலக்ட்ரீஷியன் அந்த வயரிங் கட்டை மாத்தி ஓட வச்சுத் தரேன்னாரு, செலவும் பெருசு இல்ல. ஆனா களிம்பு ஒரு கனெக்டரோட நிக்காது, அடுத்த மழைக்கு அடுத்த கனெக்டர். அதை விட முக்கியம், விபத்து நடந்தா ஏர்பேக் விரியுமா விரியாதான்னு சொல்ல முடியாத வண்டியில பசங்களை ஏத்துறது சரியில்ல. சரி பண்ணிட்டா ஆதாரமும் போயிடும். பேட்டரி வயரை கழட்டி வீட்லயே நிறுத்தியாச்சு.

ரெண்டாவது, கம்பெனி சர்வீஸ் சென்டர்ல இருந்து எழுத்துல ரிப்போர்ட். எலக்ட்ரீஷியன் சொல்றது நூத்துக்கு நூறு சரி, ஆனா லெட்டர்ஹெட் இல்லாத ஷெட்டு, எதிர் தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில தள்ளிடுவாரு. இப்ப ஆர்சி இவர் பேர்ல இருக்கறதால சேசிஸ் நம்பரை வச்சு சர்வீஸ் ஹிஸ்டரி கேட்டோம், கொடுத்தாங்க. கடைசி சர்வீஸ் 2023 நவம்பர், 40,200 கிலோமீட்டர். அடுத்த பதிவு டிசம்பர்ல, வெள்ள பாதிப்பு எஸ்டிமேட், ரிப்பேர் செய்யாம வண்டி வெளிய போனதுன்னு. ரெண்டு நிமிஷத்துல பிரிண்ட் எடுத்துக் கொடுத்த பேப்பர் அது. அது போக கார்ப்பெட், பெல்ட், கன்ட்ரோல் யூனிட் போட்டோவோட இப்போதைய நிலைமைக்கு ஒரு ஜாப் கார்டு.

மூணாவது, போலீஸா நுகர்வோர் ஆணையமாங்கிறது. வீட்ல எல்லாரும் போலீஸுக்கு போகச் சொன்னாங்க. வக்கீல் வேற மாதிரி சொன்னாரு, மோசடின்னு நிக்கணும்னா விக்கிறப்பவே டீலருக்கு தெரியும்னு நிரூபிக்கணும், நானும் புரோக்கர்கிட்ட ஏமாந்தேன்னு அவர் சொல்லிட்டா அங்கேயே இழுக்கும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ல வாங்குறவருக்கு பொருளோட தரத்தைத் தெரிஞ்சுக்குற உரிமை 2(9)ல இருக்கு, தரத்தைப் பத்தி பொய்யா சொல்லி விக்கிறது 2(47)படி முறையற்ற வணிக நடைமுறை. "ஒரு வேலையும் இல்ல"ங்கிற வாட்ஸப் இங்க தான் உதவுச்சு. 34வது பிரிவுபடி வாங்குனவர் குடியிருக்குற மாவட்டத்துலயே போடலாம், கொடுத்த விலை 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டா போதும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடிச்சு புகாரும் பதிவு பண்ணினோம், அது சமரசத்துக்கான வழி தான், டீலர் தரப்புல இருந்து அங்க பதிலே வரல.

தவணையை நிறுத்தலாமான்னு அவர் கேட்டாரு. வேண்டாம்னேன். லோன் வேற ஒப்பந்தம், நிறுத்துனா சிபில் ஸ்கோர் போகும், வண்டியைத் தூக்கிட்டு போயிட்டா கேஸுக்கு பொருளே இல்லாம போயிடும். நின்ன வண்டிக்கு மாசம் 8,235 கட்டுறது வயித்தெரிச்சல் தான், கட்டினாரு.

டீலரோட பதில்

நோட்டீஸுக்கு முன்னாடி நேர்ல போய் பேசினோம். டீலர் கத்தல, டீ எல்லாம் சொன்னாரு. "சார், மழையில நனையாத வண்டி தமிழ்நாட்டுல எது சார் இருக்கு? நீங்களே மெக்கானிக்கை கூட்டிட்டு வந்து பாத்துட்டு தானே எடுத்தீங்க? ஒரு பத்தாயிரம் தரேன், வயரிங் பாத்துக்கங்க." ரசீதுக்குப் பின்னாடி பொடி எழுத்துல "உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது"ன்னு இருந்ததையும் காட்டினாரு. செட்டில்மென்ட் லெட்டரை எடுத்து மேசையில வச்சதும் கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "எனக்கு புரோக்கர் சொல்லல சார்"னாரு.

அதை நான் பாதி நம்புறேன். வெள்ளத்துல போனது அவருக்குத் தெரியாமலே கூட இருந்திருக்கலாம். ஆனா தனக்கு விக்கிறவன் வேற, படிவத்துல கையெழுத்து போட்டவன் வேறன்னு தெரியும்ல, அதைத் தெரிஞ்சே தான் சிங்கிள் ஓனர்னு போர்டு வச்சாரு. 2023 ஏப்ரல் 1ல இருந்து பழைய வண்டி டீலருக்குன்னே மத்திய மோட்டார் வாகன விதியில 55ஏ முதல் சேத்திருக்காங்க, ஆர்டிஓகிட்ட அங்கீகாரச் சான்று வாங்கணும், ஓனர் வண்டியை டீலர்கிட்ட ஒப்படைச்சதை படிவம் 29சியில போர்ட்டல்ல தெரிவிக்கணும், வண்டி விக்கிற வரைக்கும் பொறுப்பு டீலரோடது. அந்தச் சான்று இருக்கான்னு கேட்டதுக்கு "அப்ளை பண்ணிருக்கோம்"னு பதில்.

2025 ஜனவரியில வக்கீல் நோட்டீஸ். பதில்ல அதே "உள்ளது உள்ளபடி". மார்ச்ல மாவட்ட ஆணையத்துல மனு. முதல் ஓனரோட லெட்டர், சர்வீஸ் ஹிஸ்டரி, ஜாப் கார்டு, வாட்ஸப், பாலிசி நகல், படிவம் நகல் எல்லாம் வரிசையா நம்பர் போட்டு இணைச்சோம். ரெண்டாவது வாய்தாவுலயே டீலர் வக்கீல் சமரசம் பேசத் தயார்னு சொல்ல, மத்தியஸ்தத்துக்கு அனுப்பினாங்க. டீலர் பயந்தது தீர்ப்புக்கு இல்லைன்னு நினைக்கிறேன், சான்று இல்லாம கடை நடத்துறது பேப்பர்ல ஏறிடுமேன்னு தான்.

முடிவு

ஜூலைல 4,40,000க்கு வண்டியைத் திருப்பி எடுத்துக்குறதா ஒப்பந்தம். முழுத்தொகையும் கேட்டிருக்கலாம், ஆணையம் கொடுத்திருக்கவும் வாய்ப்பு இருக்கு, ஆனா அப்பீல் அது இதுன்னு மாநில ஆணையம் வரைக்கும் போனா அது வரைக்கும் தவணை ஓடும். வாங்குனவர் வீட்ல பேசி, போதும்னு முடிவு எடுத்தாங்க. அது அவங்க முடிவு, நான் அதுல தலையிடல.

பணம் வர்ற வரிசையில மட்டும் பிடிவாதமா இருந்தோம். முதல்ல டீலர் நேரா பைனான்ஸ் கம்பெனிக்கு பாக்கியை கட்டணும், முன்கூட்டி முடிக்கிற கட்டணம் எல்லாம் சேத்து 3,12,000 சொச்சம் வந்துச்சு. பாக்கி இல்லைன்னு பைனான்ஸ் கம்பெனி கொடுக்குற என்ஓசி வந்து, படிவம் 35ல லோன் பதிவை ஆர்சியில இருந்து நீக்கி, வண்டி டீலர் பேருக்கே மாறுனதுக்கு அப்புறம் தான் சாவி. வெத்துப் படிவத்துல கையெழுத்து கேட்டாரு டீலர், "பார்ட்டி கிடைச்சதும் நேரா அவங்க பேருக்கே மாத்திக்கிறேன் சார், ரெண்டு செலவு எதுக்கு"ன்னு. முதல் ஓனர் மாட்டுனது அப்படித்தான், அதுக்கு மட்டும் ஒத்துக்கல. மீதி 1,27,000 சொச்சம் வாங்குனவர் கணக்குக்கு வந்துச்சு.

கணக்கு போட்டா, கையில இருந்து போட்ட 1,35,000, பன்னெண்டு தவணை 98,820, ஒர்க்‌ஷாப் 21,000, இன்சூரன்ஸ் 9,000, வக்கீல் 15,000. வந்ததைக் கழிச்சா ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல நஷ்டம், அதுவும் பாதி நாள் வாசல்ல நின்ன வண்டிக்கு.

வண்டி என்ன ஆச்சுன்னா, திரும்ப டீலர்கிட்ட. இப்ப மூணாவது ஓனர்னு ஆர்சியில இருக்கு, அவ்வளவு தான் மாற்றம். வெள்ளத்துல போய் டோட்டல் லாஸ் ஆனதுன்னு நம்ம ஆர்சியில எந்த முத்திரையும் விழறதில்ல. ஓட முடியாத அளவுக்கு வண்டி அழிஞ்சா 55வது பிரிவுபடி ஓனர் 14 நாளுக்குள்ள தெரிவிச்சு ரிஜிஸ்ட்ரேஷனை ரத்து பண்ணணும், ஆனா இன்சூரன்ஸ் கணக்குல டோட்டல் லாஸ்ங்கிறது செலவுக் கணக்கு, வண்டி அழிஞ்சுதுன்னு அர்த்தம் இல்ல, அதனால அந்த ஆர்சி உயிரோட தான் ஏலத்துக்கு போகுது. சால்வேஜ் விக்கிறதும் தப்பு இல்ல, தெரிஞ்சு குறைஞ்ச விலைக்கு வாங்குறவங்க இருக்காங்க. மறைச்சு முழு விலைக்கு விக்க முடியுறது தான் ஓட்டை.

இனிமே எதை மாத்தணும்

வாங்குனவர் இப்ப மறுபடி கார் பாத்துட்டு இருக்காரு, இந்தத் தடவை நாங்க வச்சிருக்குற முறை இது.

அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி இன்சூரன்ஸ் பாலிசி நகல். தொடங்குற மாசமும் ரிஜிஸ்ட்ரேஷன் மாசமும் ஒத்துப் போகுதா, புல் கவரா, கிளெய்ம் பண்ணாத ஓனருக்கு கிடைக்கிற என்சிபி தள்ளுபடி எவ்வளவு, போன பாலிசி விவரம் இருக்கா. ஒத்துப் போகலைன்னாலே வண்டி கெட்டதுன்னு இல்ல, சில பேர் மறந்து விட்டுடுவாங்க, ஆனா ஏன்னு கேட்டு பேப்பர்ல பதில் வாங்கணும். கம்பெனி சர்வீஸ் ஹிஸ்டரியை ஆர்சி ஓனர் மூலமாவே கேட்டு வாங்கணும், டீலர் கையில வச்சிருக்குற பிரிண்ட் வேண்டாம். ஹிஸ்டரியில கிலோமீட்டர் ஒத்துப் போகுதான்னு மட்டும் பாத்துட்டு விடாம, கடைசி வரி வரைக்கும் படிக்கணும், கடைசி சர்வீஸுக்கும் விக்கிற தேதிக்கும் நடுவுல வண்டி எங்க இருந்துச்சுங்கிறது தான் கேள்வி. ஆர்சியில இருக்குறவர்கிட்ட ஒரு தடவை போன்ல பேசணும், டீலர் நம்பர் தரமாட்டேன்னா அந்த வண்டி வேண்டாம்.

மெக்கானிக்கோட ஒரு எலக்ட்ரீஷியனையும் கூட்டிட்டு போகணும். பின் சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுக்கணும், ஸ்டெப்னி வைக்கிற குழியைப் பாக்கணும், கார்ப்பெட் ஓரத்தை தூக்க விடமாட்டேன்னா அங்கேயே திரும்பிடலாம். ரசீதுல "உள்ளது உள்ளபடி" இருந்தா இருக்கட்டும், அதுக்கு கீழ "வெள்ளத்தில் மூழ்காத, இன்சூரன்ஸில் மொத்த இழப்பு ஆகாத வண்டி"ன்னு ஒரு வரி எழுதி டீலர் கையெழுத்து. முந்தாநாள் பாத்த ஒரு வண்டிக்கு இந்த வரியைக் கேட்டதும் அந்த டீலர், "அதெல்லாம் எழுதிக் கொடுக்குற பழக்கம் இல்ல சார்"னுட்டாரு. அந்த வண்டியை விட்டாச்சு, வர்ற ஞாயித்துக்கிழமை கரூர்ல ஒண்ணு பாக்கப் போறோம், ஓனர்கிட்ட நேரா.